பௌத்தச் சிற்பம் படித்தால் சோறு கிடைக்குமா?

உங்கள் பெண் பிளஸ் டூ முடித்த கையோடு கிழக்காசியத் தொல்லியலும் பௌத்தக் கலை வரலாறும்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், வீட்டில் தினமும் சண்டை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான், சமாதானத்துக்காக மறைத்துப் பேச மாட்டேன். இதை மட்டும் படித்துவிட்டு நம்மூரில் வேலை தேடினால் திண்டாட்டம்தான். அருங்காட்சியகப் பணியிடங்களே கொஞ்சம், அதிலும் சீனா, கொரியா, ஜப்பான் தெரிந்தவர் வேண்டும் என்று தனியாக ஆள் எடுப்பது அபூர்வம்.

ஆனால் சண்டையை மூன்று வருடம் தள்ளிப்போடலாம். இளங்கலையிலேயே அவள் இந்தப் பாடத்தை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இப்போது எடுக்க வேண்டியது மொழி.

காரணம் இருக்கிறது. சீனாவில் தாதோங் நகருக்குப் பக்கத்தில் யுன்காங் குகைகள், வட வேய் அரசர்கள் காலத்தில் 460 வாக்கில் தான்யாவ் என்ற துறவி முன்னின்று குடையத் தொடங்கியவை. அவற்றை 1938 முதல் 1944 வரை அளந்து படமெடுத்து 16 தொகுதிகளாக வெளியிட்டவர்கள் மிசுனோ செய்இச்சி, நாகாஹிரோ தோஷியோ என்ற இரண்டு ஜப்பானியர்கள். ஆக, சீனக் குகையைப் படிக்கவும் ஜப்பானிய மொழி வேண்டியிருக்கிறது. கொரியாவுக்குப் போனால் வேறு கூத்து. இக்ஸானில் மிருக்சா கோயிலின் கல் கோபுரத்தைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது, 2009இல் உள்ளே ஒரு தங்கத் தகடு கிடைத்தது. 639ஆம் ஆண்டு என்று தேதி போட்டு, கோயிலுக்குக் கொடை தந்த ராணி, அந்தப் பகுதியை அப்போது ஆண்ட பேக்சே நாட்டின் அமைச்சர் ஒருவரின் மகள் என்கிறது தகடு. பக்கத்துச் சில்லா நாட்டு இளவரசி கேட்டுக் கட்டிய கோயில் என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிவந்த கதை ஆட்டம் கண்டுவிட்டது. அந்தத் தகட்டில் இருப்பதும் பழஞ்சீனம், ஜப்பானில் ஹோர்யூஜி கோயில் புத்தர் சிலையின் ஒளிவட்டத்துப் பின்புறம் 623ஆம் ஆண்டைச் சொல்லிப் பொறித்திருக்கும் எழுத்தும் பழஞ்சீனம். படத்தைப் பார்த்து ரசிப்பதோடு ஆங்கிலத்தில் கிடைப்பதை மட்டும் படிக்கிறவர்கள் முதுகலை தாண்டும் இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

அதனால் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதி டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யூ.) ஜப்பானிய மொழியிலோ கொரிய மொழியிலோ பி.ஏ. ஆனர்ஸுக்கு முயலட்டும். டெல்லிக்கு அனுப்ப மனமில்லையா, இங்கேயே பி.ஏ. வரலாறு சேர்த்து, மாலையில் ஜப்பானிய வகுப்புக்கு அனுப்புங்கள், ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம், டிகிரி முடிவதற்குள் அதில் என்2 என்ற நிலையைத் தொட்டால் நல்லது. ஆசை வடிந்துவிட்டாலும் நஷ்டமில்லை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய, கொரிய கம்பெனிகளில் மொழி தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. (கே-டிராமா பார்த்து வந்த ஆசை என்று கிண்டல் செய்திருந்தீர்கள். இருக்கட்டுமே, மொழி வகுப்பில் கடைசிவரை உட்காருகிறவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.)

ஆசை வடியவில்லை என்றால் அப்புறம் முதுகலை. நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் கலை வரலாறு, அருங்காட்சியகவியல், பழம்பொருள்களைச் சிதையாமல் காக்கும் பாதுகாப்பியல் மூன்றும் உண்டு. அவள் பிளஸ் டூவில் வேதியியல் படித்திருந்தால் பாதுகாப்பியலைத்தான் நான் சொல்வேன், வேலை வாய்ப்பு அதில் கொஞ்சம் பரவாயில்லை. வெளிநாடு என்றால் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட், கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகைகள் இருக்கின்றன, கட்டணமும் மாதச் செலவும் அவர்கள் பொறுப்பு. சொந்தப் பணம் கட்டி, வீட்டை அடமானம் வைத்து லண்டன் போவதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்றை அவளிடமே சொல்லுங்கள். சீனாவின் குவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, கடைசியில் சீன எழுத்தும் உண்டு. சீனமும் தமிழும் சேர்ந்து வாசிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு. அவளுக்குத் தமிழ் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

சேர்க்கைக்கு முன்னால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அவளைக் கூட்டிப் போங்கள். நாகப்பட்டினம் பௌத்தச் செப்புத் திருமேனிகளில் ஒன்றின் முன்னால் ஒரு மணி நேரம் நின்று, தலை உச்சியில் இருக்கும் தீச்சுடரிலிருந்து காலடிப் பீடம் வரை கண்ணில் படுவதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதட்டும். சலிக்காமல் எழுதினால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், மேலே பேசலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.