மதிப்பெண் போதும், நிதியுதவி ஏன் நின்றது? கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிகளில் மத்திய அரசின் பெல் கிராண்ட் (திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத உதவித்தொகை), மாணவர் கடன் போன்ற உதவிகளைத் தொடர்ந்து பெற, கல்லூரி வகுத்துள்ள கல்வி முன்னேற்ற விதியை மாணவர் நிறைவேற்றியாக வேண்டும். அலுவலகங்களில் இதன் ஆங்கிலப் பெயரை (Satisfactory Academic Progress) ‘சாப்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்த விதியில் சறுக்கியவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டவற்றுக்கு, கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் பணியாற்றும் முறையில் என் பதில்கள் இவை.

கேள்வி (ஒரு தாய், நியூ ஜெர்சி): என் மகன் முதலாம் ஆண்டை 2.4 ஜி.பி.ஏ.வுடன் (சராசரி மதிப்பெண்) முடித்தான். 2.0 இருந்தால் போதும் என்றார்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் இரண்டு பாடங்களை இடையில் விட்டுவிட்டான், அவ்வளவுதான். இருந்தும் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறதே?

பதில்: அந்த “அவ்வளவுதான்” என்ற இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது, அம்மா. ஜி.பி.ஏ.வைத் தவிர, பதிவு செய்த கிரெடிட்டுகளில் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகுகள்) எத்தனையை மாணவர் முடித்தார் என்ற விகிதமும் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலான கல்லூரிகள் இதை 67 சதவீதம் என்று வைத்திருக்கின்றன. உங்கள் மகன் 30 கிரெடிட் பதிவு செய்து, மூன்று கிரெடிட் பாடங்களாக நான்கை விட்டிருந்தால், முடித்தவை 18, அதாவது 60 சதவீதம். பாடத்தை மாற்றிக்கொள்ளத் தரப்படும் தொடக்க நாள்களுக்குள் விட்டிருந்தால் கணக்கில் வந்திருக்காது; அதற்குப் பிறகு மதிப்பெண் பட்டியலில் விழும் ‘டபிள்யூ’ என்ற விலகல் குறி ஜி.பி.ஏ.வைத் தொடாது என்றாலும், பதிவு செய்த பாடமாகவே எண்ணப்படும். தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்து நல்ல மதிப்பெண் பெற்றாலும், இரண்டு முறையும் பதிவுக் கணக்கில் சேரும்.

எச்சரிக்கை என்பது உதவி நின்றுவிட்டது என்பதல்ல. செமஸ்டர்தோறும் ஆய்வு செய்யும் கல்லூரிகள், மனு எதுவும் கேட்காமலே அடுத்த ஒரு செமஸ்டருக்கு உதவியைத் தொடர்ந்து தரலாம். (ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் ஆய்வு செய்யும் கல்லூரிகளில் இந்தப் படி கிடையாது, நேரே உதவி நின்று, மேல்முறையீடு மட்டுமே வழியாகும்.) அடுத்த செமஸ்டரில் 12 கிரெடிட் எடுத்து அனைத்தையும் முடித்தால் 42-க்கு 30, அதாவது 71 சதவீதமாகி அவர் தப்பிவிடுவார். ஈடுகட்டும் ஆவலில் 15 எடுத்து 9 மட்டும் முடித்தால் 45-க்கு 27, மறுபடியும் 60 சதவீதம்தான். ஆகவே குறைவாக எடுத்து முழுமையாக முடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவி, டெக்சாஸ்): அப்பாவின் இதய அறுவை சிகிச்சையின்போது வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்ததில் மூன்று பாடங்களில் தோற்றேன். எச்சரிக்கைக் காலமும் கடந்து இப்போது உதவி நிறுத்தப்பட்டுவிட்டது. மேல்முறையீட்டில் என்ன எழுத வேண்டும்?

பதில்: உறவினர் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், இவை போன்ற பிற சிறப்புச் சூழ்நிலைகள் ஆகியவற்றை மத்திய விதி ஏற்கிறது, உங்கள் சூழ்நிலை மூன்றாவது வகையில் அடங்கும். கடிதம் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது. என் மேசைக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை முதல் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதி, இரண்டாவதற்கு “இனிமேல் கடுமையாக உழைப்பேன்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரியை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டைப் பரிசீலிக்கும் குழு எதையும் முடிவு செய்ய இயலாது. அதற்குப் பதிலாக, அப்பா எப்போது வீடு திரும்பினார், இப்போது அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் யார், உங்கள் வேலை நேரத்தை எவ்வளவு குறைத்துக்கொண்டீர்கள், எந்தப் பாடத்துக்குப் பயிற்சி மையத்தில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மருத்துவமனை அனுமதித் தேதியும் நீங்கள் தோற்ற தேர்வுகளின் தேதியும் பொருந்துமாறு ஆவணங்களை இணையுங்கள். பேராசிரியர் மீதான குறைகளைத் தவிர்ப்பது நல்லது.

மனு ஏற்கப்பட்டால் ‘புரொபேஷன்’ என்ற நிலையில் ஒரு செமஸ்டருக்கு உதவி கிடைக்கும். ஒரே செமஸ்டரில் விகிதத்தை எட்ட முடியாது என்றால், கல்வி ஆலோசகருடன் ஒரு படிப்புத் திட்டம் வகுத்து, அதன்படி நடக்கும்வரை உதவி தொடரும். பதிவாளர் அலுவலகமும் இதே சொல்லை வேறொரு பொருளில் பயன்படுத்துவதால், “கல்லூரி என்னைத் தொடர அனுமதித்துவிட்டது” என்ற கடிதத்தை நிதியுதவி அனுமதி என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி (ஒரு தந்தை, மிச்சிகன்): மகள் உயிரியலிலிருந்து கணினி அறிவியலுக்கு மாறினாள். எல்லாவற்றிலும் தேர்ச்சிதான். ஆனால் காலவரம்பைத் தாண்டிவிட்டாள் என்கிறார்கள். இன்னும் நான்காம் ஆண்டுகூட முடியவில்லை.

பதில்: இந்த வரம்பு ஆண்டுகளில் அல்ல, கிரெடிட்டுகளில் கணக்கிடப்படுகிறது. பட்டத்துக்குத் தேவையானதில் 150 சதவீதம் வரை மட்டுமே உதவி உண்டு. 120 கிரெடிட் பட்டத்துக்கு அது 180. (67 சதவீதம் என்ற விகிதமும் இங்கிருந்துதான் பிறக்கிறது: 180-க்கு 120 மூன்றில் இரண்டு பங்கு.) 180-ஐத் தொடும்வரை கல்லூரி காத்திருக்காது, அதற்குள் முடிப்பது கணக்கின்படி இயலாது என்று தெரிந்த உடனேயே தகுதி போய்விடும். மகள் பள்ளியில் எழுதிய ஏ.பி. தேர்வுகளுக்குக் (கல்லூரி நிலைப் பாடங்களுக்கான தேர்வுகள்) கிடைத்த கிரெடிட்டுகளும் பெரும்பாலும் இதில் சேர்ந்திருக்கும். சில கல்லூரிகள் துறை மாறும்போது புதிய பட்டத்துக்குப் பயன்படாத கிரெடிட்டுகளைக் கணக்கிலிருந்து நீக்குகின்றன. உங்கள் கல்லூரியின் விதியில் அதற்கு இடமுண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், மீதமுள்ள பாடங்களைச் செமஸ்டர் வாரியாகப் பட்டியலிட்டு ஆலோசகரின் கையொப்பத்துடன் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: ஒரு செமஸ்டர் படிக்காமல் இருந்துவிட்டு வந்தால் உதவி திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. விலகியிருப்பதால் எண்கள் மாறுவதில்லை.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவர், கலிஃபோர்னியா): இந்த செமஸ்டர் கைவிட்டுப் போய்விட்டது. எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகிவிடலாமா?

பதில்: விலகும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். செமஸ்டரில் 60 சதவீதக் காலம் முடிவதற்குள் முழுவதுமாக விலகினால், இருந்த நாள்களுக்கு உரிய பங்கு உதவியே உங்களுடையது. மீதியைத் திருப்பியாக வேண்டும். 30 சதவீதக் காலத்தில் விலகினால் ஏறத்தாழ 70 சதவீத உதவி திரும்பப் போகும். கல்லூரி அதில் தன் பங்கைத் திருப்பிவிட்டு, உங்களிடம் கட்டணப் பாக்கி கேட்கலாம். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமலிருந்து எல்லாவற்றிலும் ‘எஃப்’ வாங்கினாலும், வருகை நிரூபிக்கப்படாவிட்டால் விலகியவராகவே கருதப்படுவீர்கள். ஒன்றிரண்டு பாடங்களையாவது காப்பாற்ற முடியுமானால் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மேல்முறையீடு மறுக்கப்பட்டது. கல்வித் துறைக்கு எழுதலாமா?

பதில்: பயனில்லை, இதில் கல்லூரியின் முடிவே இறுதியானது. புதிய ஆவணம் இருந்தால் மறுபரிசீலனை உண்டா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் செலவில் சில பாடங்களை முடித்து, அளவுகோலை எட்டியதும் தகுதியை மீட்கலாம். அதை மலிவான கம்யூனிட்டி காலேஜில் (ஈராண்டுப் படிப்புகள் தரும் உள்ளூர்க் கல்லூரி) செய்தால், உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்ளும் கிரெடிட்டுகள் பதிவிலும் முடித்ததிலும் சேர்ந்து விகிதத்தை உயர்த்தும். ஆனால் பொதுவாக அங்கே வாங்கிய மதிப்பெண் இங்குள்ள ஜி.பி.ஏ.வில் சேராது. எனவே உங்களைத் தடுத்தது விகிதமா, ஜி.பி.ஏ.வா என்று மறுப்புக் கடிதத்தில் பார்த்துவிட்டு, அதன் பிறகு பணம் கட்டுங்கள்.