இறையழைத்தல் என்றால் என்ன, நமக்கு வந்திருப்பது அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடவுள் நமக்குத் தந்த திறமையும் மனசும் எந்த வாழ்க்கையில், யாருக்குப் பயன்பட வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ, அதுதான் இறையழைத்தல்.

ஆசை, பயம், வீட்டார் சொல், கடவுளின் தூண்டுதல் எல்லாமே உள்ளுக்குள் ஒரே குரலில்தான் பேசும், அதனால்தான் பிரித்தறிய நாளாகிறது. 1521-ல் போரில் கால் அடிபட்டுப் படுத்திருந்த லொயோலா இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய ஸ்பானிய வீரர்) ஒன்றைக் கவனித்தார்: வீரப்பெருமைக் கனவுகள் நினைக்கும்போது இனித்தன, பிறகு வெறுமைதான், புனிதர்களைப் போல வாழ நினைத்தபோது வந்த நிம்மதியோ அப்புறமும் தங்கியது.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மாமரம் இலையே தெரியாமல் பூக்கும், முக்காலே மூணுவீசம் உதிர்ந்துவிடும், நின்ற பிஞ்சுதான் கணக்கு. தியானக் கூட்டம் முடிந்த சூட்டில் எடுக்கும் முடிவும் வெறும் பூதான் என்பேன். சில மாதம் ஜெபித்துப் பாருங்கள், உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் (சும்மா புகழாதவராக இருந்தால் நல்லது) மனம்விட்டுப் பேசுங்கள்.

அப்புறம், அழைத்தல் ஃபாதர், சிஸ்டர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஓசூரில் கம்பெனி ஷிப்டும் பார்த்து பிள்ளையும் வளர்ப்பவருக்கும் அது உண்டு, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே (1962–65) குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்கு இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.