சென்சரடியில் கசிவு

கேள்வி: படுக்கை, அடுப்பு வைத்து மாற்றிய எங்கள் டீசல் வானில் கூலன்ற் வெப்பச் சென்சரடியில் ஈரம் கசிகிறது. இறுக்கியும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?
வாசகர், சாவகச்சேரி

பதில்: இனி இறுக்காதீர்கள், அலுமினிய மரை கழன்றுவிடும். எஞ்சின் நன்றாக ஆறியபின் சென்சரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஊசிகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கசிவு சென்சரின் உடலுக்குள்ளேதான். புதிது போடுவதைத் தவிர வழியில்லை. பிளக் உலர்ந்திருந்தால் வாசரையோ ஓ-றிங்கையோ மட்டும் மாற்றுங்கள். செம்பு வாசரைத் திரும்பப் போடவேண்டாம். ஒருமுறை நசுங்கினது மறுபடி சரியாக அடைக்காது.

ஒற்றை வயர்ச் சென்சருக்குத் தெப்லோன் ரேப் சுற்றுவது நம்மிடையே பெரிய வியாதி. அதற்கு மரைதான் ஏர்த், அதாவது மின்சாரம் எஞ்சினுக்குத் திரும்பும் வழி. ரேப் தடித்தால் எஞ்சின் கொதித்தாலும் மீற்றர் குளிரென்றே காட்டும்.

குறைந்ததை நிரப்பக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் ரேடியேற்றருக்குள் காவி கட்டும். செறிந்த கூலன்றும் பற்றரிக்கு விடும் வடிநீரும் சரிபாதி. ஹீற்றரைச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சுடும்வரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். ஆறியபின் மட்டம் பார்த்து விடுங்கள்.