மொட்டை மாடியில் சீஸ்டார் எஸ்50 ஸ்மார்ட் டெலஸ்கோப்: நெபுலா, கேலக்ஸி எடுப்போர் கேள்விகளும் பதில்களும்

தாம்பரம்: சார், ஓரியன் நெபுலாவை (எம்42) 30 வினாடி எக்ஸ்போஷரில் எடுக்கிறேன். நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்கின்றன, மூலைகளில் கோடாக இழுக்கின்றன. எடுத்த ஃபிரேம்களில் (தனித்தனிப் படங்களில்) பாதியை ஆப் வேண்டாமென்று தள்ளிவிடுகிறது. கருவியில் கோளாறா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் நம் அட்சரேகையில். சீஸ்டார் மேல்-கீழ், இட-வலம் என்று திரும்பித்தான் வானத்தைத் தொடர்கிறது. நெபுலாவை நடுவிலேயே பிடித்து வைத்தாலும், அதைச் சுற்றி படம் மெல்லச் சுழலும். இந்தச் சுழற்சி நேர் கிழக்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய இல்லை. வடக்கு-தெற்குக் கோட்டில் அதிகம், தலைக்கு மேலே போகப் போகக் கடுமை. சென்னையின் 13 டிகிரியில் எம்42 உச்சமடையும்போது 71 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது படம் மணிக்குச் சுமார் 46 டிகிரி வேகத்தில் சுழலும். 10 வினாடியில் மூலை நட்சத்திரம் இரண்டரை பிக்சல் நகரும், 30 வினாடியில் ஏழு பிக்சலுக்கு மேல். ஆப் தள்ளாமல் என்ன செய்யும்? அதே எம்42 கிழக்கே 40 டிகிரி உயரத்தில் இருக்கும்போது வேகம் மணிக்கு 6 டிகிரிதான்.

ஜனவரி நடுவில் என்றால் 7.15-க்கு இருட்டியதும் ஆரம்பித்து 8.30 வரை எடுங்கள். 10 மணியை ஒட்டி உச்சத்தில் இருக்கும், அந்த நேரத்தில் வேறு பொருளுக்குப் போய்விடுங்கள். 11.40-க்கு மேல் மேற்குப் பக்கம் மறுபடி பிடிக்கலாம். கிழக்கிலும் மேற்கிலும் 30 முதல் 60 டிகிரி உயரம்வரை 20 வினாடி தைரியமாக வைக்கலாம். மற்ற இடங்களில் 10 வினாடியே போதும். "உயரே போனால் காற்றுமண்டலம் குறைவு, அதனால் உச்சிதான் நல்லது" என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை இந்தக் கருவிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மதுரை: அப்படியானால் ஈக்யூ மோடுக்கு (கருவியைச் சாய்த்து, வானம் சுழலும் அச்சிலேயே திருப்பும் முறைக்கு) மாறினால் பிரச்சினை தீருமா?

பதில்: சுழற்சி தீரும், வேறு தலைவலி வரும். அடித்தளத்தின் அச்சு வானத் துருவத்தை நோக்க வேண்டும். 50 டிகிரி வடக்கில் இருப்பவருக்கு அது கொஞ்சம் சாய்த்து வைப்பதுதான். மதுரையில் அச்சு தரையிலிருந்து 10 டிகிரிதான் எழும், கருவி கிட்டத்தட்டப் படுத்துவிடும். 2.5 கிலோ எடை ஒரு பக்கமாகத் தொங்குவதால் கூடவே வரும் சின்ன டிரைபாட் கவிழும். கனமான டிரைபாடும், சாய்க்க ஒரு வெட்ஜும் வேண்டும். சாய்கிற பக்கத்துக்கு நேர் கீழே ஒரு கால் வரட்டும், நடுவில் மணல் பையைத் தொங்கவிடுங்கள். துருவ நட்சத்திரம் பக்கத்து வீட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் பரவாயில்லை, ஆப் நட்சத்திரப் படம் எடுத்தே திசையைக் கணக்கிட்டுத் திருத்தச் சொல்லும். முதல் சில மாதங்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

கோவை: ஃபில்டரை எப்போதும் ஆன் செய்தே வைத்திருக்கிறேன். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி மங்கலாக வருகிறதே?

பதில்: உள்ளே இருப்பது இரட்டைப் பட்டை ஃபில்டர். ஹைட்ரஜன் ஆல்ஃபா (656 நானோமீட்டர்), ஆக்ஸிஜன்-3 (501) இரண்டையும் சுற்றியுள்ள ஒளியை மட்டும்தான் விடும். எம்42, எம்8, ரோசெட் போன்று வாயு ஒளிரும் நெபுலாக்களுக்கு நகர வெளிச்சத்திலும் அருமை. கேலக்ஸியின் ஒளியோ நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறத்திலும் பரவியிருக்கும். ஃபில்டர் அதில் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறது. ஆண்ட்ரோமெடா, கார்த்திகைக் கூட்டம், எம்13 நட்சத்திரக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஃபில்டரை ஆஃப் செய்து, நிலா இல்லாத இரவில் எடுங்கள். இன்னொன்று: ஆண்ட்ரோமெடா 3 டிகிரி நீளம், உங்கள் ஃபிரேமின் நீளப் பக்கமே 1.3 டிகிரிதான். பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளை எடுத்து ஒட்டும் மொசைக் மோடு இல்லாமல் மையம் மட்டுமே வரும்.

திருச்சி: ஒரு பொருளை மொத்தம் 20 நிமிடம் எடுப்பதற்கும் 2 மணி நேரம் எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியுமா?

பதில்: தெரியும். ஆனால் ஆறு மடங்கு தெரியாது. நேரம் நான்கு மடங்கானால்தான் இரைச்சலுக்கு (படத்தின் குருணைக்கு) எதிரான சிக்னல் இரண்டு மடங்காகும். ஆறு மடங்குக்கு ஏறக்குறைய இரண்டரை. பொலிவான எம்42-க்கு 30 நிமிடம் போதும். எம்51 கேலக்ஸிக்கு 2 மணி நேரத்துக்குக் குறைந்தால் அதன் சுழல் கைகளின் விளிம்பு குருணையாகவே நிற்கும்.

தனி ஃபிரேம்களைச் சேமிக்கும் அமைப்பை முன்கூட்டியே ஆன் செய்துவிடுங்கள். 10 வினாடி ஃபிரேம் ஒவ்வொன்றும் 4 எம்பி சொச்சம், மணிக்கு ஒன்றரை ஜிபி. அவை கையில் இருந்தால்தான் பல இரவுகளைச் சேர்த்து கணினியில் மறுபடி ஸ்டாக் செய்யலாம் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கலாம்), செயற்கைக்கோள் கோடுகளையும் நீக்கலாம்.

சேலம்: ஸ்டாக் ஆன ஃபிட்ஸ் ஃபைலை (வானியல் பட ஃபைல்) சிரில் என்ற பட மென்பொருளில் திறந்தால் ஒரே கருப்பு.

பதில்: அது இயல்பு, இன்னும் ஸ்ட்ரெச் செய்யவில்லை, அதாவது மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கவில்லை. கீழே காட்சி முறையை ஆட்டோஸ்ட்ரெச்சுக்கு மாற்றினால் உள்ளே இருப்பது தெரியும். முதலில் சுழற்சியால் கிழிந்த ஓரங்களை கிராப் செய்யுங்கள். அதன் பிறகே பின்னணி வெளிச்சச் சரிவை நீக்குங்கள் (சிரிலிலேயே செய்யலாம், கிராக்ஸ்பெர்ட் என்ற மென்பொருள் இலவசம், இன்னும் சுத்தமாகச் செய்யும்). அடுத்து நிறத் திருத்தம். ஸ்ட்ரெச் கடைசியில்தான். கிராப்புக்கு முன்னால் பின்னணியைத் தொட்டால் அந்தக் கருப்பு ஓரத்தையும் வானம் என்று எண்ணி மென்பொருள் குழம்பும்.

யாழ்ப்பாணம்: அண்ணா, இங்கேயிருந்து ஈட்டா கரைனா நெபுலா எடுக்கலாமோ?

பதில்: தாராளமாக. உங்களுக்கு அது 20 டிகிரி உயரம்வரை ஏறும், சென்னைக்காரருக்கு 17 தான். ஏப்ரல் நடுவில் இரவு 9 மணியளவில் நேர் தெற்கே நிற்கும். தெற்குதான் என்றாலும் தாழ்வாக இருப்பதால் சுழற்சி மணிக்கு 16 டிகிரிக்குள், 10 வினாடிக்குத் தாங்கும். ஃபில்டரைப் போடுங்கள். தென்னையும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத மூலையாகப் பார்த்துக் கருவியை வையுங்கள்.