நாற்பது பவுண்டு

அன்புள்ள ஐயா,

எனக்கு 41 வயது. மூன்று வருடமாகச் சர்க்கரை. குழந்தைப் பருவக் காயங்கள் பற்றிய பத்துக் கேள்விகளுக்கு இணையத்தில் பதில் போட்டேன். ஆமாம் என்றால் ஒன்று. எனக்கு 6 வந்தது. அப்பாவின் பெல்ட் அடிதான் என் நோய்க்கு வேர் என்று புரிந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியான வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு இப்போது 74. அவரிடம் இதைக் கேட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே,

முதலில் மாத்திரையைப் போடுங்கள். நாளைக் காலையே டாக்டரைப் போய்ப் பாருங்கள். வேர் எங்கே இருந்தாலும் சர்க்கரை இப்போது ஓடுவது உங்கள் ரத்தத்தில். தியானம் உங்கள் இஷ்டம்.

‘எனக்கு 6’ என்று ராசி நட்சத்திரம் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1980களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் உடல் பருமனுக்கு மருத்துவம் பார்த்துவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிடுவது அவருக்குப் புரியவில்லை. ஒரு பெண்ணிடம், முதல் உடலுறவின்போது என்ன வயது என்று கேட்க நினைத்தவர், வாய் தவறி என்ன எடை என்று கேட்டுவிட்டார். ‘நாற்பது பவுண்டு’ என்றாள் அவள். அப்பாதான் என்றாள்.

நாற்பது பவுண்டு என்றால் 18 கிலோ. நம் வீட்டுக்கு வரும் அரிசி மூட்டையே 25 கிலோ.

அதற்கப்புறம் ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரும் ஃபெலிட்டியும் சேர்ந்து 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். 1998இல் முதல் கட்டுரை வந்தது. ஒன்றுமே வாங்காதவர்களைவிட, நான்கும் அதற்கு மேலும் வாங்கியவர்களிடம் இதய நோய் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், தற்கொலை முயற்சி பன்னிரண்டு மடங்கு. ஆனால் அது கூட்டத்தின் கணக்கு. தனி ஆளுக்கு இந்த எண்ணை வைத்து ஜோசியம் சொல்லாதீர்கள் என்று 2020இல் ஆண்டாவே எழுதினார். ஒரு வருடம் குடித்த அப்பாவுக்கும் 1, பதினெட்டு வருடம் குடித்தவருக்கும் 1. இது என்ன கணக்கு?

என் அப்பா பதினெட்டு வருடக் கணக்கு. ராத்திரி ஒன்பதரைக்கு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். ஒரே உதையில் விழுந்தால் அன்றைக்குத் தப்பித்தோம். இரண்டு மூன்று தடவை உதைத்தால் அம்மா அடுப்படி விளக்கை அணைத்துவிடுவாள். நான் நோட்டை மூடிப் பாயில் தூங்குவதுபோலக் கிடப்பேன். இன்றைக்கும் தெருவில் யாராவது ஸ்டாண்டை உதைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த வயிற்றுக்குள் மூன்று தடவை குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. காரம் சாப்பிடுவீர்களா, காபி எத்தனை என்றார்கள். வீடு எப்படி இருந்தது என்று ஒரு டாக்டரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் புண் ஆறியிருக்குமா? நாற்பது வருடம் வெறும் வயிற்றில் டீயும் வெற்றிலையும் போட்டது என் கைதானே. ஆனாலும் கேட்டிருக்கலாம். ஃபெலிட்டி வாய் தவறியாவது கேட்டார்.

அப்பாவிடம் கேட்கலாமா என்றீர்கள். நான் கேட்கவில்லை. கடைசி வருடங்களில் அவருக்கு ஸ்டாண்டை உதைக்கக் காலில் தெம்பில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வருவார். இருட்டில் அவர் நிற்பதைப் பார்த்து, அந்த வயதிலும், பாயிலிருந்து துள்ளி எழுந்திருக்கிறேன்.