ஏஸ்-ராணி கையில் இருந்தும் ஏன் வெளியே போனீர்கள்?

கேள்வி: நான் காரைக்கால்காரன். பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் செந்த்-ஆந்த்ரேயில் குடும்பத்தோடு இருக்கிறேன். பிரெஞ்சுத் தளத்தில் 10 யூரோ போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறேன். பரிசு வரிசைக்கு இன்னும் ஏழெட்டுப் பேர் வெளியேற வேண்டும் என்ற நிலையில்தான் ஒவ்வொரு முறையும் நான் போய்விடுகிறேன். போன ஞாயிறு 14 பிளைண்ட் (அதாவது, ஒவ்வொரு கையிலும் போட வேண்டிய கட்டாயப் பந்தயத்தைப் போல் 14 மடங்கு சிப்) வைத்திருந்தேன், கையில் ஏஸ்-ராணி. எனக்கு முன்னால் இருந்தவர் தன் சிப் முழுவதையும் பந்தயத்தில் வைத்து ஆல்-இன் போட்டார், என்னைவிட அவரிடம் சிப் அதிகம். நானும் ஏற்றேன். அவரிடம் 9 ஜோடி, அதோடு முடிந்தது. தளத்தில் தில்லுமுல்லு இருக்கிறதா? இங்கே ஒருவர், நீ ஆடு, நான் பணம் போடுகிறேன், லாபத்தில் பாதி கொடு என்கிறார். ஊரில் ஒரு நண்பனும் என் கணக்கில் ஆட அனுமதி கேட்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: தில்லுமுல்லுப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். அதை நம்பிக்கொண்டிருக்கும்வரை நான் சொல்லும் வேறு எதுவும் உங்கள் காதில் ஏறாது. பிரான்சில் ஆன்லைன் போக்கர் 2010 மே மாதச் சட்டத்தின்படி உரிமம் பெற்று நடக்கிறது. கண்காணிப்பது ஏ.என்.ஜே. என்ற ஆணையம்; 2020க்கு முன் அந்த வேலையை ஆர்ஜெல் பார்த்தது. ரெயூனியனுக்கும் அதே சட்டம்தான். நீங்கள் ஆடும் ஒவ்வொரு கையும் ஆணையம் எடுத்துப் பார்க்கும்படி பதிவாகிறது. தவிர, தளத்துக்கு உங்களைத் தோற்கடித்து ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. நீங்கள் கட்டும் 10 யூரோவில் ஏறக்குறைய 1 யூரோ அதன் கட்டணம். யார் ஜெயித்தாலும் அது அவர்களுக்கு வந்துவிடும்.

9 ஜோடிக்கு எதிரே ஏஸ்-ராணி நூற்றுக்குச் சுமார் 45 முறை ஜெயிக்கும். ஆகவே தோற்றதில் அதிசயம் இல்லை. நான் கேட்பது வேறு: அந்தக் கையை அந்த நேரத்தில் ஏன் ஏற்றீர்கள்?

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். “ஏஸ்-ராணி நல்ல கைதானே?” நல்ல கைதான். சிப் கணக்கில் பார்த்தால் ஏற்றதும் சரிதான். பிளைண்டும் ஆன்ட்டியுமாக (அதுவும் முன்கூட்டியே போடும் கட்டாயப் பந்தயம்தான்) நடுவில் இரண்டரை பிளைண்ட் கிடந்திருக்கும். 14ஐப் போட்டு, எதிராளியின் 14ஐயும் சேர்த்து முப்பதரையை எடுக்கப் போகிறீர்கள். நூற்றுக்கு 46 முறை ஜெயித்தால் கட்டுபடியாகும். ஆனால் டோர்னமென்ட்டில் சிப்பைக் கொடுத்துப் பணம் வாங்க முடியாது. சிப் இரட்டிப்பானால் பணம் இரட்டிப்பாவதில்லை. சிப் போனாலோ பணம் முழுதாகப் போய்விடுகிறது.

கணக்கைச் சின்னதாக வைத்துக் காட்டுகிறேன். நாலு பேர் பாக்கி, எல்லோரிடமும் சமமான சிப். பரிசு மூன்று பேருக்கு: 50, 30, 20 யூரோ. இந்த நிமிஷத்தில் உங்கள் இடத்தின் மதிப்பு 25 யூரோ. ஒருவர் ஆல்-இன் போடுகிறார், நீங்கள் ஏற்று ஜெயிக்கிறீர்கள். இப்போது பாதி சிப் உங்களிடம், மூன்று பேர் மட்டும் பாக்கி. உங்கள் இடத்தின் மதிப்பு 50 ஆகிவிட்டதா? இல்லை, 38 யூரோ 33 சென்ட். 25ஐப் பணயம் வைத்து 13 சொச்சம் சம்பாதித்திருக்கிறீர்கள். அது கட்டுபடியாக வேண்டுமானால் நூற்றுக்கு 65 முறை ஜெயிக்கும் கை வேண்டும். எதிராளி சீட்டையே பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஆல்-இன் தள்ளினால்கூட, வெவ்வேறு இனத்து ஏஸ்-ராணி சுமார் 64 முறைதான் ஜெயிக்கும். நடுவில் கிடக்கும் பிளைண்டை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கொஞ்சம் தளரும். இருந்தாலும் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

இந்தக் கணக்குக்கு ஐ.சி.எம். என்று பெயர். இதன் அடியில் இருக்கும் சூத்திரத்தை 1973ல் ஹார்வில் என்பவர் குதிரைப் பந்தயத்துக்காக எழுதினார். மேசன் மால்மத் 1987ல் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். அதை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பல நூறு பேர் ஆடும் போட்டியில் நெருக்கடி இந்த நாலு பேர் கணக்கு அளவுக்கு இருக்காது. ஆனால் பரிசு வரிசையின் வாசலில், அதிலும் உங்களைவிடப் பெரிய சிப் குவியல் தள்ளும்போது, 46 சதவீதம் போதும் என்ற கணக்கு செல்லாது. ஐம்பதைத் தாண்டும், சில சமயம் அறுபதைத் தொடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஃபோல்ட் செய்துவிட்டு, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு, உட்கார்ந்திருப்பதா? அதுவும் நோய்தான். 10 யூரோ போட்டியில் கடைசிப் பரிசு பெரும்பாலும் 15, 20 யூரோ. அதற்காக மூன்று மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பணம் மேலே, கடைசி மேசையில் இருக்கிறது. நீங்கள் மாற்ற வேண்டியது ஒன்றே: ஏற்பதைக் குறையுங்கள், தள்ளுவதைக் கூட்டுங்கள். அதே 14 பிளைண்ட், அதே ஏஸ்-ராணி. உங்களுக்கு முன் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் நீங்களே ஆல்-இன் தள்ளுங்கள். மற்றவர்கள் பயந்து ஃபோல்ட் செய்தால் இரண்டரை பிளைண்ட் சண்டை இல்லாமல் வருகிறது. ஏற்றாலும் கையில் ஏஸ் இருக்கிறது. தள்ளுகிறவருக்கு ஜெயிக்க இரண்டு வழி உண்டு, ஏற்கிறவருக்கு ஒன்றுதான். பத்து பிளைண்டுக்குக் கீழே போய்விட்டால் தள்ளு அல்லது ஃபோல்ட், நடுவில் எதுவும் கிடையாது. மூன்று பிளைண்ட் போட்டுப் பார்ப்போம் என்ற ஆசை வேண்டாம்.

தள்ளும் முன் லாபியை, அதாவது யாரிடம் எவ்வளவு சிப் என்று காட்டும் பக்கத்தை, திறந்து பாருங்கள். உங்களைவிடக் குறைந்த சிப்போடு எத்தனை பேர் இருக்கிறார்கள்? பத்துப் பேர் இருந்தால் அவர்கள் உங்களுக்கு முன் போவார்கள், அவசரம் இல்லை. யாரும் இல்லையென்றால் காத்திருப்பது வீண். எட்டுப் பேர் மேசையில் ஒரு சுற்றுக்கே இரண்டரை பிளைண்ட் கரைகிறது. 14 என்பது ஐந்தரைச் சுற்று. யாரைக் குறிவைத்துத் தள்ளுவது என்பதும் அங்கேயே தெரியும்: உங்களைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொண்டு பரிசுக்காகக் காத்திருக்கும் நடுத்தரக் குவியலை. பெரிய குவியல்காரருக்கு உங்களைப் பற்றிக் கவலை இல்லை, அவர் ஏற்றுவிடுவார். இரண்டு பிளைண்ட் மட்டும் மிஞ்சியவரும் ஏற்பார், அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் அதிகம் பணத்தை விடும் இடம் இது. சாட்டிலைட் போட்டி. பெரிய டோர்னமென்ட்டுக்கான டிக்கெட்டைப் பரிசாகக் கொடுப்பார்களே, அது. அதில் முதலாவதாக வந்தவருக்கும் ஐந்தாவதாக வந்தவருக்கும் ஒரே டிக்கெட். ஐந்து டிக்கெட், ஆறு பேர் பாக்கி என்று வையுங்கள். நீங்கள் சிப்பில் இரண்டாவது இடம். ஒருவரிடம் ஒரே ஒரு பிளைண்ட், அடுத்த கையில் பெரிய பிளைண்ட் அவர்தான். முதலிடத்துக்காரர் ஆல்-இன் தள்ளுகிறார். உங்கள் கையில் இரண்டு ஏஸ். என்ன செய்வீர்கள்?

ஃபோல்ட். ஆமாம், இரண்டு ஏஸை. போக்கரில் அதைவிட நல்ல தொடக்கக் கை கிடையாது, ஆனாலும் ஏதோ ஒரு கைக்கு எதிராக, சராசரியாக நூற்றுக்கு 15 முறை அது தோற்கும். ஃபோல்ட் செய்தால் டிக்கெட் உங்கள் பையில் ஏறக்குறைய வந்த மாதிரி. ஏற்று ஜெயித்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்? அதே டிக்கெட். இரண்டு டிக்கெட் தரமாட்டார்கள். இதைச் சொன்னால் படித்தவர்களே சண்டைக்கு வருகிறார்கள், ஏஸ் ஜோடியை எப்படி சார் விடுவது என்று. விடுங்கள். அந்த ஆறு பேரில் மிகக் குறைந்த சிப் உங்களுடையதாக இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

இனி பாதிப் பங்கு கேட்கும் மனிதருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த பகுதி இதுதான். ஏஸ்-ராணி உங்களுக்கு 10 யூரோ செலவு, இந்த ஆள் அதற்கு மேல் செலவு வைப்பார்.

பணம் போட்டு ஆட்டக்காரரை ஆடவிடுவது போக்கரில் புதிதல்ல, கணக்கை எழுத்தில் வைத்து நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ‘பாதிக்குப் பாதி’ என்று வாயால் சொல்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நஷ்டத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவீர்களா? பெரும்பாலும் ஆமாம் என்பார், அல்லது பேச்சை மாற்றுவார். அதன் அர்த்தம் இது. அவர் போட்ட 500 யூரோ போய்விட்டது. பிறகு ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை நீங்கள் 700 ஜெயிக்கிறீர்கள். 500 முதலில் அவருக்கு. மிச்சம் 200ல் பாதி, அதாவது 100, உங்களுக்கு. கண் விழித்த இரவுகளெல்லாம் உங்களுடையவை. நடுவில் விலகப் பார்த்தால் ‘பாக்கி இருக்கிறதே’ என்பார். வேலைக்கு ஆள் எடுத்த மாதிரிதான், சம்பளம் மட்டும் கிடையாது. ஒருவேளை உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்டால் (கேட்பார்கள், ‘நான் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன்’ என்பார்கள்) அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

இன்னொரு ரகம் வாட்ஸ்அப் ஏஜென்ட்டுகள். தனி ‘கிளப்’ ஆப், கட்டணம் குறைவு, அடையாளப் பத்திரம் வேண்டாம், சிப்பை ஏஜென்ட்டிடம் நேராக வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். ஆப்பைத் திறந்தால் அது விளையாட்டுச் சிப் என்றுதான் எழுதியிருக்கும். பணம் முழுக்க அந்த ஒரு மனிதரின் கையில், அவருடைய போன் எண்ணை நம்பி. ஒருநாள் அந்த எண் அணைந்துவிட்டால் எந்த ஆணையத்திடம் போவீர்கள்? அந்த மேசையில் மூன்று பேர் ஒரே அறையில் உட்கார்ந்து சீட்டைக் காட்டிக்கொண்டு ஆடினால் கண்டுபிடிக்க அங்கே யாரும் இல்லை. உரிமம் உள்ள தளத்தின் முகவரி .எஃப்ஆர் என்று முடியும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஏ.என்.ஜே. இணையதளத்தில் இருக்கிறது, அதை ஒருமுறை பாருங்கள். 2022லிருந்து நீதிமன்றம் போகாமலே திருட்டுத் தளங்களை முடக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முடக்குகிறார்கள், மறுநாள் அதே கடை வேறு பெயரில் திறக்கிறது, திரும்பவும் கடிதம், திரும்பவும் முடக்கம். ஏஜென்ட்டைப் பிடிக்காமல் பலகையைக் கழற்றிக்கொண்டே இருந்தால் இது எப்போது தீரும் என்று எனக்குப் புரியவில்லை.

ஊர் நண்பருக்குப் பதில்: முடியாது. 2025 ஆகஸ்டில் இந்தியாவில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. அங்கே கடை மூடியதால்தான் அவர் உங்கள் வாசலுக்கு வருகிறார். உங்கள் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் பாஸ்போர்ட்டில், உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்தது. காரைக்காலிலிருந்து வேறு ஒருவர் அதில் நுழைந்தால் தளத்துக்குத் தெரியும். கணக்கை முடக்குவார்கள், உள்ளே இருக்கும் பணமும் நிற்கும். பால்ய நண்பனிடம் எப்படி மறுப்பது என்று தயங்க வேண்டாம். சட்டத்தின் மேல் பழியைப் போடுங்கள், அதற்காகவாவது அது உதவட்டும்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். எப்போதோ ஒருமுறை ஜெயிப்பதற்கு வரி இல்லை. வழக்கமாக ஆடிச் சம்பாதித்தால் வரி உண்டு. உச்ச நிர்வாக நீதிமன்றமும் 2018ல் அதையே சொன்னது. எங்கே ‘எப்போதோ’ முடிந்து ‘வழக்கம்’ தொடங்குகிறது? அதற்கு ஒரு எண்ணை எழுதிவைக்க எந்த அதிகாரிக்கும் மனம் வரவில்லை. 10 யூரோ ஆட்டத்தில் உங்களுக்கு இது தலைவலி ஆகாது, ஆனால் பெரிய தொகை வந்தால் தளத்தின் கணக்கு விவரத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நேரம். எல்லாப் போட்டியும் பாரிஸ் கடிகாரத்துக்கு ஓடுகிறது, கடல் தாண்டி இருப்பவர்களை யாரும் நினைப்பதில்லை. அங்கே ஞாயிறு இரவு 9 மணி என்றால் கோடையில் உங்களுக்கு 11, அங்கே குளிர்காலமானால் நள்ளிரவு 12. பரிசு வரிசையை நெருங்கும்போது செந்த்-ஆந்த்ரேயில் விடியற்காலை 3 மணி. அந்த நேரத்தில் ஏஸ்-ராணி யாருக்கும் அழகாகத்தான் தெரியும். பாரிஸில் பிற்பகல் தொடங்கும் போட்டிகளாகப் பார்த்துச் சேருங்கள். பரிசுத் தொகை குறைவுதான், தூக்கம் மிஞ்சும். கணக்கு தொடங்கும்போது வாரத்துக்கு எவ்வளவு போடலாம் என்று வரம்பு கேட்டிருப்பார்கள், பலர் அதில் ஏதோ ஒரு பெரிய எண்ணை அடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். சாதாரணப் போட்டியில் நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் பரிசு. மற்றவர்களில் நீங்கள் இருக்கும் வாரங்களே அதிகம். ஆகவே அந்த எண்ணை இன்றே இறக்கி வையுங்கள். போன பணத்தைப் பிடிக்க இன்னும் போடத் தோன்றுகிறது என்றால் ழுவேர் ஆன்ஃபோ செர்வீஸ் என்ற உதவி மையத்தின் எண் 09 74 75 13 13. பெயர் சொல்லாமலே பேசலாம்.

உங்கள் தளத்தில் பழைய கைகளைத் திரும்பப் பார்க்கும் வசதி இருந்தால், பரிசு வாசலில் நீங்கள் வெளியேறிய கைகளை எடுங்கள். அவற்றில் எத்தனையில் முதலில் தள்ளியது நீங்கள், எத்தனையில் ஏற்றது நீங்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.