ஹாரோ குன்றின் பள்ளி – கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனின் வடமேற்கே ஹாரோவில் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் குன்றின் மேலிருக்கும் ஹாரோ பள்ளியைக் காட்டி, 'நேருவும் சர்ச்சிலும் படித்த இடம்' என்று சொல்வது வழக்கம். உள்ளூர்ப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்க ஒரு விவசாயி நிறுவிய பள்ளி அது என்று அண்மையில்தான் அறிந்தேன். பெரும் பணக்காரர்களின் விடுதிப் பள்ளியாக அது எப்படி மாறியது?

க., ஹாரோ

அன்புள்ள க.,

நீங்கள் அறிந்தது சரிதான். ஜான் லயன், ஹாரோவை அடுத்த பிரெஸ்டனில் நிலபுலன் வைத்திருந்தவர். 1572-ல் முதலாம் எலிசபெத் அரசியிடம் பள்ளிக்கான சாசனம் பெற்றார். அவர் 1592-ல் இறந்தார். பள்ளிக் கட்டடம் 1615-ல்தான் முடிந்தது. அந்தப் பழைய வகுப்பறை இன்றும் இருக்கிறது. அதன் மரச்சுவரில் கவிஞர் பைரன் செதுக்கிய பெயரைப் பார்க்கலாம்.

உங்கள் கேள்விக்கான விடை 1591-ல் லயன் வகுத்த விதிகளிலேயே இருக்கிறது. எவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கிறார்! தாள், மை, பேனா, மெழுகுவர்த்தி எல்லாம் பெற்றோர் தரவேண்டும். வில்வித்தை பழக அம்பும் நாணும் வாங்கித் தரவேண்டும். பிள்ளைகள் பம்பரம் விடலாம், பந்தெறியலாம், ஓடலாம். கூடவே இன்னொரு விதி: இடம் இருந்தால் ஆசிரியர் வெளியூர்ப் பிள்ளைகளையும் சேர்க்கலாம், அவர்களிடம் கிடைக்கிற ஊதியத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஊராரோ வெளியாரோ, ஏழையோ பணக்காரரோ, எல்லாருக்கும் ஒன்றுபோல் பாடுபட வேண்டும்.

ஆசிரியர் பிழைக்க வழிசெய்த அந்த ஒரு விதிதான் பள்ளியைக் கைமாற்றியது. 18-ஆம் நூற்றாண்டில் பிரபுக் குடும்பங்கள் வந்தன. கட்டணம் தருகிறவர்கள் பெருக, ஊர்ப்பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள்.

பாடத்திட்டமும் அவர்களை விரட்டியது. லத்தீனும் கிரேக்கமும் கடைக்காரர் மகனுக்கு எதற்கு? அதை மாற்றவும் எளிதில் வழியில்லை. லீட்ஸ் நகரப் பள்ளி வழக்கில் 1805-ல் எல்டன் பிரபு, லத்தீனும் கிரேக்கமும் கற்பிக்க ஏற்பட்ட 'கிராமர் ஸ்கூல்' பள்ளிக்கான அறக்கொடைப் பணத்தை நவீன மொழிகள் கற்பிக்கத் திருப்பிவிட முடியாது என்று தீர்ப்பளித்தார். பள்ளிகளுக்கு அந்தக் கட்டு தளர 1840-ல் தனிச் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஹாரோ மக்கள் சும்மா இருக்கவில்லை. பள்ளி எங்கள் பிள்ளைகளுக்கு உரியது என்று நீதிமன்றம் போனார்கள். 1810-ல் தோற்றார்கள். குன்றைப் பார்க்கும்போது எனக்கு முதலில் நினைவு வரவேண்டியவர்கள் சர்ச்சிலோ நேருவோ அல்ல, வழக்கில் தோற்ற அந்தப் பெற்றோர்தான்.

இலவச உரிமையோடு உள்ளே போன பிள்ளை என்ன பட்டான் என்பதற்கு நாவலாசிரியர் ஆன்டனி டிரோலோப் சாட்சி. நொடித்துப்போன குடும்பத்துப் பையன். சேற்றுப் பாதைகளில் நடந்துவந்து பிரபுக்களின் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தவன். அந்த அவமானத்தை முதுமையிலும் அவர் ஆறாத வலியோடு எழுதினார். 'எல்லாருக்கும் ஒன்றுபோல்' என்று லயன் எழுதிவைத்த இடத்தில் நடந்தது இது.

1868-ன் பொதுப் பள்ளிகள் சட்டம் ('பப்ளிக் ஸ்கூல்' என்றால் இங்கே அரசுப் பள்ளி அல்ல, கட்டணம் வாங்கும் மேட்டுக்குடிப் பள்ளி) ஹாரோ, ஈட்டன், வின்செஸ்டர் உட்பட ஏழு பள்ளிகளின் நிர்வாகத்தைத் திருத்தி அமைத்தது. ஊர்ப்பிள்ளைகளுக்கென்று 1876-ல் ஜான் லயன் பெயரில் தனியாக ஒரு கீழ்நிலைப் பள்ளி ஏற்பட்டது. அறக்கொடையின் உரிமையாளர்களை வேறு வாசலுக்கு அனுப்பிவிட்டு அதைச் சீர்திருத்தம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பள்ளியும் இன்று கட்டணப் பள்ளிதான்.

லயனின் இன்னொரு கொடையையும் சொல்ல வேண்டும். ஹாரோவிலிருந்து லண்டன் செல்லும் சாலைகளைச் செப்பனிடத் தனியாக நிலம் எழுதிவைத்தார். அது மைடா வேல் பக்கம் நகரத்துக்குள் வந்து, பெருமதிப்புள்ள சொத்தானது. சாலைப் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களிடம் போய்விட்டதால், 1991 முதல் அந்த வருமானம் ஜான் லயன் அறக்கட்டளை வழியாக லண்டனின் சில பகுதிகளில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் செலவாகிறது. உங்கள் ஹாரோவும் அதில் உண்டு. வார இறுதியில் தாய்மொழி கற்பிக்கும் துணைப் பள்ளிகளுக்கும் உதவியிருக்கிறார்கள். உங்கள் பகுதியில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்களிடம் சொல்லுங்கள், விண்ணப்பித்துப் பார்க்கட்டும்.